கால் பயிற்சி நாளில் மட்டும் சர்க்கரை இறங்கியது ஏன்?

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில் சின்னதாக ஒரு ஜிம் நடத்துகிறேன். சிறுவயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி உண்டு. ஜிம் திறந்த புதிதில் ஒரு தொல்லை பாடாய்ப் படுத்தியது. எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போடும் நாளில் மட்டும் பாதியிலேயே கை நடுங்கும், வியர்வை சில்லிடும். மீட்டரில் பார்த்தால் 70-க்கும் கீழே. சொல்லிக்கொடுப்பவனே உட்கார்ந்துவிட்டால், கடலுக்குப் போய்வந்து பயிற்சி எடுக்கும் தம்பிகள் யாரை நம்பி எடைக் கம்பியைத் தோளில் ஏற்றுவார்கள்?

கடலோரப் புழுக்கம்தான் காரணமென்று கூடுதலாக ஃபேன் மாட்டினேன். பலனில்லை. அப்புறம் இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டேன்; மற்ற நாள்களில் சர்க்கரை எகிறியதுதான் மிச்சம். மீட்டருக்குப் புது ஸ்ட்ரிப் வாங்கியும் அதே கதை.

கடைசியில், அன்றன்றைய பயிற்சியோடு சேர்த்து அளவுகளை எழுதிய நோட்டை டாக்டரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "ஊசி எங்கே போடுறீங்க?" என்றார். தொடையில். விஷயம் அங்கேதான் இருந்தது. ஊசி போட்ட காலுக்கே உடனே கடும் வேலை கொடுத்தால், அங்கே ரத்த ஓட்டம் கூடி இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரையை இறக்கிவிடுமாம். தோள், நெஞ்சுப் பயிற்சி நாள்களில் தொடை சும்மா இருந்தது, தொல்லையும் இல்லை.

கால் நாளில் ஊசியை வயிற்றுக்கு மாற்றினேன். பயிற்சிக்கு முந்தைய டோஸையும் அவர் சொன்னபடி குறைத்தேன். அப்பாடா, நடுக்கம் நின்றது. கவுன்டரில் குளுக்கோஸ் டப்பா எப்போதும் இருக்கும்: 70-க்குக் கீழே போனால் 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. டோஸை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.