பிளாஸ்டிக் மாடலில் பாகங்கள் பொருந்தவில்லையா? புட்டியைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

விமான உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கிறீர்கள். வால் பக்கம் அழகாக மூடிக்கொள்கிறது, மூக்குப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் வாய் பிளந்து நிற்கிறது. 1/72 அளவு மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ விமானத்தில் 7 சென்டிமீட்டருக்கும் மேல். அப்படியே விட முடியாது. நிறையப் பசை போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிவிடலாம் என்றுதான் கை பரபரக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வலுக்கட்டாயமாக மூடிய இணைப்பில் பிளாஸ்டிக் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். பெயிண்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகு ஒருநாள் அந்த இடம் விரிந்து கோடு விடும்.

பாகம் பொருந்தவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள். இடைவெளியை அடைக்கும் கூழான புட்டி (putty) கடைசி வழி.

முதல் வேலை: சுத்தம்

உருகிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தோடு உலோக அச்சுக்குள் செலுத்தித்தான் இந்தப் பாகங்களை வார்க்கிறார்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில் மெல்லிய பிசிறு வழிந்து நிற்கும். அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளி வெளியே எடுக்கும் ஊசிகள் உள்பக்கத்தில் வட்டத் தழும்பு விட்டிருக்கும். சில தழும்புகள் பள்ளமாக இருக்கும், சில மேடாக இருக்கும். நமக்குத் தொல்லை தருபவை மேடானவை. ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டத்திலிருந்து வெட்டிய இடத்திலும் ஒரு சிறு முண்டு மிஞ்சும்.

இந்த மூன்றையும் கூரான பிளேடாலும் 400 எண் உப்புத்தாளாலும் சமன் செய்யுங்கள். பொருந்தாத இணைப்புகளில் கணிசமானவை இதிலேயே சரியாகிவிடும். ஸ்ப்ரூவை வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டாமல் சற்றுத் தள்ளி வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். ஒட்டி வெட்டினால் பாகத்திலிருந்தே ஒரு துணுக்கு பிய்ந்து வரும்.

அடுத்து: பசை இல்லாமல் சேர்த்துப் பார்ப்பது

மாஸ்கிங் டேப்பைச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து, பாகங்களைப் பசையில்லாமல் சேர்த்து ஒட்டி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறது? எங்கே ஒரு பக்கம் மற்றதைவிட மேடாக நிற்கிறது? ஒவ்வொரு பாகத்துக்கும் இதைச் செய்யுங்கள். உள்ளே வைக்க வேண்டியவை எல்லாம் உள்ளே இருக்கும் நிலையிலும் ஒருமுறை செய்யுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

நான் ஆரம்பத்தில் கட்டிய ஒரு போர் விமானத்தில் உடலின் இரண்டு பாதிகளும் தனியாகச் சேர்த்தபோது மிக நன்றாகப் பொருந்தின. காக்பிட்டை உள்ளே ஒட்டிய பிறகு மேல்பக்கம் மூடவே இல்லை. இடைவெளி முழுக்கப் புட்டியை அப்பி, இரண்டு மாலை தேய்த்தேன். முதுகில் இருந்த நுண்ணிய கோடுகள் எல்லாம் அழிந்துபோயின. காக்பிட் தரை அரை மில்லிமீட்டர் அகலமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டுவதற்கு முன்பே தெரிந்திருந்தால் அரத்தால் பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்து முடித்திருக்கலாம்.

எந்த இடம் இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு வழி உண்டு. உள்பாகத்தின் விளிம்பில் மெழுகுக் கிரேயானை அழுத்திப் பூசி, பாகங்களைச் சேர்த்து அழுத்திப் பிரித்துப் பாருங்கள். இடிக்கிற இடத்தில் மட்டும் எதிர்ப்பக்கத்தில் நிறம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். மறுபடி பூசுங்கள், மறுபடி அழுத்துங்கள். நாலைந்து முறை ஆகலாம். கடைசியில் பாகம் ‘டக்’ என்று உட்காரும்போது விரலிலேயே தெரியும். பூசியதைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

முளைகளும் கவனிக்க வேண்டியவை. ஒரு பாதியில் முளையும் மறுபாதியில் துளையும் இருப்பது பாகங்களைச் சரியான இடத்தில் நிறுத்தத்தான். ஆனால் அவையே சில சமயம் கொஞ்சம் விலகி இருக்கும், அப்போது ஒரு பக்கம் எப்போதும் ஏறி நிற்கும். தயங்காமல் முளைகளை வெட்டிவிடுங்கள். பதிலுக்கு ஒரு பாதியின் உள்விளிம்பில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பட்டைகளைப் பாதி உள்ளே, பாதி வெளியே நீட்டும்படி ஒட்டினால் அவையே மறுபாதியைத் தாங்கி வரிசையில் நிறுத்தும்.

வளைந்த பாகம்

சமமாகக் குளிராத பாகம் நெளிந்துபோகும். கொதித்து அடங்கிய வெந்நீரில் சில நொடிகள் முக்கி, வேண்டிய பக்கம் மெதுவாக வளைத்து, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் விடுங்கள். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகிவிடும், மெல்லிய பாகம் அதற்கு முன்பே துவளும். அதனால் அடுப்பில் கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். விரலால் பிடிக்காமல் இடுக்கியால் பிடியுங்கள்.

ஒட்டும்போது

தண்ணீர் போன்ற மெல்லிய மாடல் பசையை இணைப்புக் கோட்டில் தூரிகையால் தொட்டாலே போதும், தானாக உள்ளே ஓடிவிடும். இது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கும் பசை. முழு நீளத்தையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஒட்டி, பிடித்து, இறுகியதும் அடுத்த துண்டுக்குப் போங்கள். அப்போதுதான் ஒவ்வொரு இடத்திலும் மேடு பள்ளத்தை விரலால் தடவிச் சரிசெய்ய முடியும். லேசாக அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் கோட்டின் மேலே ஒரு நூல் போலப் பிதுங்கும். அதைத் துடைக்காதீர்கள், சின்ன இடைவெளியை அதுவே அடைத்துவிடும். ஒருநாள் விட்டு பிளேடால் சுரண்டினால் போதும்.

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வரும் இடைவெளிதான் புதியவர்களை அதிகம் சோதிக்கும். இதற்கு இரண்டு வழிகள். உடலின் பாதிகளைச் சேர்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டால், ஸ்ப்ரூவில் ஒரு துண்டை உள்அகலத்தைவிடச் சற்று நீளமாக வெட்டி, உள்ளே குறுக்கே முட்டுக் கொடுத்து ஒட்டுங்கள். உடல் ஒரு மயிரிழை விரிந்து இறக்கையைத் தொடும். வெளியிலிருந்து என்றால், ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை டேப்பை இழுத்து ஒட்டி, பசை காயும்வரை இறக்கைகளை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கலாம். இழுப்பு கொஞ்சமாக இருக்கட்டும், இறக்கையின் சாய்வு செய்முறைத் தாளில் உள்ள முன்பக்கப் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறமும் இடைவெளி இருந்தால்

அரை மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பிளாஸ்டிக் தகடுதான் சரி. 0.25 அல்லது 0.5 மில்லிமீட்டர் தகட்டை நறுக்கி இடைவெளியில் செருகி, மெல்லிய பசை விட்டு, நன்றாகக் காய்ந்ததும் சீவிவிடுங்கள். அதைவிடக் குறுகலான இடத்துக்குத்தான் புட்டி. இருபுறமும் டேப் ஒட்டிக்கொண்டு, மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். காயும்போது சுருங்கும் புட்டியைத் தடிமனாக அப்பினால் நடுவில் குழி விழும். தேய்க்கக் கை போகாத மூலைக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் புட்டி எனக்குப் பிடித்தது. பூசிய கையோடு ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்தால் இடைவெளியில் மட்டும் தங்கும், தேய்க்கவே வேண்டாம்.

சூப்பர் குளூவாலும் அடைக்கலாம். ஆனால் அன்றைக்கே தேய்த்துவிடுங்கள். நாள் கடந்தால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும், தேய்க்கும்போது சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் குறையும். காக்பிட் கண்ணாடி போன்ற தெளிவான பாகங்கள் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம், ஆவி பட்டு வெள்ளையாக மங்கிவிடும். அங்கே மரவேலைக்கான வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் நிறம் தெரியாது.

தேய்ப்பது 400, பிறகு 600, பிறகு 1000. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி பறக்காது. முடிந்ததும் அந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிற பிரைமர் மெல்லிய பூச்சு ஒன்று அடியுங்கள். பிளாஸ்டிக்கின் நிறமும் புட்டியின் நிறமும் ஒன்றாகிவிட்ட பிறகுதான் உண்மையான மேடு பள்ளம் தெரியும். கோடு தெரிந்தால் திரும்பவும் கொஞ்சம் புட்டி, கொஞ்சம் தேய்ப்பு, பிரைமர். இரண்டாவது சுற்றிலும் ஒரு மயிரிழைக் கோடு எட்டிப் பார்ப்பது சகஜம், அதையும் அடைத்துவிட்டே பெயிண்டை எடுங்கள்.