கட்டில் நகர்ந்திருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்

இந்த ஆடியில் 19 நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பர்மிங்ஹாமிலிருந்து தென்காசிப் பக்கத்தில் இருக்கும் செங்கோட்டைக்குப் போனேன். அதில் 11 நாள் அடுக்களைக் கூரையைப் பற்றிச் சித்தப்பாவோடு பேசுவதிலேயே கழிந்தது. குற்றாலத்தில் ஒரு நாள்கூடக் குளிக்கவில்லை. பூட்டிய வீட்டைப் பார்க்கவோ, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கோ போகிறவர்கள், கூரை கெடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மா போனில் சொன்னாள்: "அடுக்களைல ஒரு மாதிரி வாடை வருதுய்யா." எலி செத்திருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த மாதம் வீடியோவில் பேசும்போது அரிசிப் பானை இடம் மாறியிருந்தது. அம்மாவின் கட்டிலும் சுவரை விட்டு நடுவுக்கு வந்திருந்தது. பார்த்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் கூரை ஒழுகுகிறது என்று சொல்லமாட்டார்கள். பிள்ளைக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று நினைத்து, நனையும் இடத்தில் இருந்ததை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். போனதும் கட்டில், பெட்டி, பானை எல்லாம் பழைய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய இடத்துக்கு நேர் மேலே அண்ணாந்து பாருங்கள்.

நம் பக்கத்து மழையைத் தெரிந்தால்தான் நம் ஓட்டுக்கூரை எப்படிக் கெடும் என்று தெரியும். ஜூனில் கேரளாவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஆரியங்காவுக் கணவாய் வழியாக நமக்குச் சாரலாக வருகிறது. கொட்டாது. காற்றோடு சாய்ந்து, பொடிப்பொடியாக, நாள்கணக்கில் அடிக்கும். மேலிருந்து விழும் மழையை வடியவிடத்தான் ஓடு. சாய்ந்து வரும் சாரல் ஓட்டின் இடுக்கில் ஏறி, ஓட்டைத் தாங்கும் ரீப்பர்ச் சட்டங்களையும் அவற்றைத் தாங்கும் கைமரத்தையும் நனைக்கிறது. தரையில் ஒரு சொட்டு விழாது. "எங்க வீடு ஒழுகாது" என்று எல்லோரும் சொல்வார்கள், மரம் மட்டும் உள்ளே இற்றுக்கொண்டிருக்கும். அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கனமாகப் பிடிக்கும்போது, இற்ற மரத்தின் மேல் நனைந்த ஓட்டின் பாரமும் சேரும்.

நடுப்பகலில் கதவு ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓடு விலகியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. எங்கள் தெருவில் குரங்குகள் தாவித் தாவியே ஓடுகள் நகரும். ஒரு ஓடு மட்டும் பக்கத்து ஓடுகளைவிடக் கறுத்து ஈரமாக இருந்தால் அது தண்ணீரைக் குடிக்கிறது. அதைத் தட்டினால் கணீரென்று கேட்காது, பொத்தென்று கேட்கும். காலையில் பெருக்கும்போது ஒரே இடத்தில் மஞ்சள் மரத்தூள் விழுந்து கிடந்தால் மேலே வண்டு அரிக்கிறது. சுவரில் மண்கோடு ஏறினால் கரையான். முக்கியமானது, கைமரம் சுவரில் உட்காரும் நுனி. அங்கேதான் ஈரம் தங்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். எங்கள் அடுக்களையில் அது வெந்த சேனைக்கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கியது. கையை எடுத்தபோது விரலில் ஈரமான கறுப்புப் பொடி. முகர்ந்து பார்த்தேன். அம்மா சொன்ன வாடை.

தெருவில் நின்று முகட்டையும் பாருங்கள். நடுவில் தொய்ந்திருந்தால் ஆரம்பக் கட்டம் தாண்டிவிட்டது. அதன் கீழே யாரையும் படுக்கவிடாதீர்கள்.

கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூரையின் அடியில் பழுப்பு வளையம், உப்புப் பூத்தல், கம்பி ஓடும் வழியே நேர்கோடாக விரிசல், இவைதான் அறிகுறி. உள்ளே கம்பி துருப்பிடித்தால் பருத்து, காரையைத் தள்ளிவிடும். மொட்டைமாடியில் தளத்தின் மேல் பதித்த தட்டோட்டின் இடுக்குகளையும், கைப்பிடிச் சுவர் தளத்தில் சேரும் மூலையையும், இலை அடைத்த தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். கேரளாவைப் பார்த்து இப்போது நம் பக்கமும் மாடிக்கு மேல் தகரக் கூரை போடுகிறார்கள். அது மழையைத் தடுக்கும். ஏற்கெனவே துருப்பிடித்த கம்பியைச் சரிசெய்யாது, கெடுவது வெளியே தெரியாமல் மறைத்தும் விடும்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா வீடு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாதிப்பாதியாகப் பிரிந்தது. சுவர் எழுப்பிப் பிரித்தார்கள், கூரை பிரியவில்லை. இரண்டு சரிவும் சேரும் கூடல்வாயில் தகரம் பதித்திருக்கிறது. அந்தத் தகரம் இற்றுப்போய், தண்ணீர் எங்கள் பக்கத்துச் சுவரில் இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிரித்தால் தகரம் மாற்ற முடியாது, இரண்டு பக்கமும் இரண்டு வரிசை ஓடு எடுக்க வேண்டும் என்றார் ஆசாரி. சித்தப்பா தன் பக்கத்து ஓடுகளைத் தொடவிடவில்லை. முழுச் செலவும் நான் ஏற்க வேண்டும் என்றார். சரி என்றேன். அப்புறம், கிழக்கே இருக்கும் முடுக்குச் சந்து அவருக்கு மட்டுமே உரியது என்று பத்திரத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். நாலடி முடுக்கு. அம்மா கிணற்றடிக்குப் போக அதை விட்டால் வேறு வழி கிடையாது.

எங்கள் பக்கத்துக் கூரை அதற்குள் பாதி பிரிந்து கிடந்தது. தார்ப்பாய் காற்றில் இரவு முழுக்கப் படபடக்கும். தூக்கம் வராமல் ஆறாவது நாள் பத்திர எழுத்தர் ஒருவரிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். மதுரையிலிருந்து தங்கை போனில் அழுதாள், "கையெழுத்துப் போட்றாதண்ணே" என்று. நல்லவேளை, போடவில்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனதால் அவர் பங்கில் அம்மா, தங்கை, நான் மூன்று பேருக்கும் சமஉரிமை. நான் ஒருவன் எழுதிக் கொடுக்க அது என்னுடையது மட்டும் அல்ல. அசையாச் சொத்தில் 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை 1908 பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். வெறும் பத்திரத்தாளில் எழுதுவது அவருக்கும் பயன்படாது, நாளைக்குப் பிள்ளைகளுக்குள் வழக்குக்குத்தான் விதை. கூரை திறந்து கிடக்கும்போது எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பொதுச்சுவரோ கூடல்வாயோ இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே அந்த உறவினரிடம் போனில் பேசி முடித்துவிடுங்கள்.

எட்டாவது நாள் ஆசாரி தகரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இது இத்தன வருசம் நின்னதே பெரிசுங்க. வருசா வருசம் ஒங்க சித்தப்பாதான் ஏறி எல அள்ளிப் போடுவாரு. முட்டி போனப்புறம் யாரும் ஏறல." எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் அவர் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "நீ வருசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயிருவ. மழ இங்கதானல பெய்யுது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அம்மா இருக்கும்வரை முடுக்குப் பேச்சு வேண்டாம் சித்தப்பா என்று மட்டும் கேட்டேன். அதற்கு மூன்று நாள் கழித்து ஓட்டைப் பிரித்துக்கொள்ளச் சொன்னார்.

ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் போனால் எங்கே நனைகிறது என்று நன்றாகத் தெரியும், ஆனால் கூரையைப் பிரிக்க அது காலம் அல்ல. படம் எடுத்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். வேலையைப் பங்குனி சித்திரையில் வையுங்கள். நான் சாரலுக்கு நடுவே செய்தேன், இரட்டைக் கூலி ஆனது.

பழைய ஓட்டைத் தூக்கி எறியவும் விடாதீர்கள். ஒரு தொழிற்சாலை ஓடு இன்னொன்றோடு கொளுவாது. எங்களுடையது கொல்லத்து ஓடு. தென்காசியில் வாங்கிய புது ஓடு விளிம்பில் ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. சித்தப்பா கீழே நின்று பார்த்துவிட்டு, தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார். தாத்தா காலத்தில் மிஞ்சிய ஓடுகள், கீற்றுப் போட்டு மூடி, ஒன்றுகூட உடையாமல் அடுக்கி வைத்திருந்தார். 43 எடுத்தோம். இன்னும் 17 இருக்கிறது. ஈஸ்டர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், இந்தத் தடவை கூடல்வாயில் இலை அள்ள நான் ஏறுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.