ஹூ, விச், தட் எதுவும் இல்லாத ஆங்கில வாக்கியத்தைப் பிடிப்பது எப்படி?

ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் ஒருநாள் காலை இப்படி ஒரு மெயில் வந்தது: "த கேண்டிடேட் த மேனேஜர் லைக்ட் டிக்லைண்ட் தி ஆஃபர்." அவசரத்தில் என் கண்ணில் பட்டது இரண்டே சொல்தான்: மேனேஜர், டிக்லைண்ட். சரி, மேனேஜர் கைவிரித்துவிட்டார் என்று நினைத்து, அந்தப் பையனுக்கு "வருந்துகிறோம்" என்று ஒரு மெயில் தட்டிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "சார், வேண்டாம்னு நேத்து சொன்னதே நான்தானே?"

மேனேஜருக்குப் பிடித்த கேண்டிடேட் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் அந்த மெயிலில் இருந்த செய்தி.

இந்தப் பதிவு அந்த மாதிரி வாக்கியங்களுக்கு மட்டும். ரிலேட்டிவ் க்ளாஸ் என்றால் என்ன என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு விடுவது என்று கண்ணைவிடக் காதுக்குச் சீக்கிரம் தெரியும்.

படி 1: முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பேர்

ஒரு பெயர்ச்சொல், அதை ஒட்டியே இன்னொரு பெயர் அல்லது ஐ, யூ, வீ. நடுவில் கமா இல்லை, ஆண்ட் இல்லை. "த புக் ஐ பாட்", "த பஸ் வீ மிஸ்ட்", "த கேண்டிடேட் த மேனேஜர்". இப்படிப் பார்த்தவுடன் நிறுத்துங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சின்ன வாக்கியம் உள்ளே நுழைகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்கு காண்டாக்ட் க்ளாஸ் என்று பெயர் வைத்தார். இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். இங்கே ஏதோ ஒரு சொல் விடுபட்டதாகச் சொல்வதே சரியில்லை என்பது அவர் கட்சி. தமிழில் யோசிக்கும் நமக்கு அது உடனே புரியும். "நான் வாங்கிய புத்தகம்" என்பதில் எந்தச் சொல் விடுபட்டிருக்கிறது? ஒன்றுமில்லை. நம்முடைய பெயரெச்சத்துக்கு ஹூவும் விச்சும் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. நாம் பெயருக்கு முன்னால் வைப்பதை அவர்கள் பின்னால் வைக்கிறார்கள்.

படி 2: வினைகளைப் பங்கு போடுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

என் வாக்கியத்தில் லைக்ட், டிக்லைண்ட் என இரண்டு வினை, கேண்டிடேட், மேனேஜர் என இரண்டு ஆள். முதலில் வரும் வினை, தனக்குப் பக்கத்தில் இருக்கும் ஆளுடையது: மேனேஜர் லைக்ட். அது முடிந்த பிறகு வரும் வினை, வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும் முதல் ஆளுடையது: கேண்டிடேட் டிக்லைண்ட்.

பென்சிலால் "த மேனேஜர் லைக்ட்" என்ற துண்டின்மேல் லேசாகக் கோடு போட்டு மறைத்துவிட்டுப் படியுங்கள். "த கேண்டிடேட் டிக்லைண்ட் தி ஆஃபர்." முழு வாக்கியமாக நிற்கிறதா? நின்றால் சரியான இடத்தில்தான் வெட்டியிருக்கிறீர்கள். அப்புறம் மறைத்த துண்டைத் தமிழில் பெயரெச்சமாக்கி முன்னால் ஒட்டுங்கள்: மேனேஜருக்குப் பிடித்த கேண்டிடேட்.

உள்ளே ஐ, யூ, ஷீ என்று வந்தால் இந்தக் குழப்பமே வராது. "த ஃபைல் யூ சென்ட் இஸ் எம்ப்டி" என்பதைக் குழந்தைகூடச் சரியாகப் படிக்கும். இரண்டும் பெயர்ச்சொல்லாக இருந்தால்தான் தடுமாற்றம். நீங்களே எழுதும்போது அப்படி அமைந்தால், தயங்காமல் ஒரு தட் போட்டுவிடுங்கள். ஸ்டைல் போனால் போகட்டும்.

படி 3: காலி இடத்தைத் தேடுங்கள், ஆனால் நிரப்பாதீர்கள்

"த பென் ஐ பாட்" என்பதில் பாட்டுக்குப் பின்னால் ஓர் இடம் காலி. பேனாவின் இடம் அது. "த பென் ஐ பாட் இட்" என்று அங்கே இட்டைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் தவறு.

நம் ஆட்கள் அதிகம் வழுக்குவது வேறு இடத்தில். பெயரெச்சம் ஆறு வகைப் பெயரைக் கொண்டு முடியும் என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். நான் நறுக்கிய மாம்பழம், நான் மாம்பழம் நறுக்கிய கத்தி, நான் மாம்பழம் நறுக்கிய பலகை, நான் மாம்பழம் நறுக்கிய நாள். எல்லாவற்றுக்கும் ஒரே "நறுக்கிய" போதும். கத்தியால், பலகையில் என்ற வேற்றுமை உருபுகளைத் தமிழ் விழுங்கிவிடுகிறது.

ஆங்கிலம் விழுங்காது. "த மேங்கோ ஐ கட்" சரி. ஆனால் கத்திக்கு "த நைஃப் ஐ கட் த மேங்கோ வித்", பலகைக்கு "த போர்ட் ஐ கட் இட் ஆன்". கடைசியில் அந்த வித்தும் ஆனும் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்தால் நமக்குக் கை அரிக்கும். தொங்கட்டும், அழிக்காதீர்கள். "த ஹவுஸ் ஐ லிவ்" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். "த ஹவுஸ் ஐ லிவ் இன்" என்பதே சரி.

காலத்துக்கு மட்டும் சலுகை உண்டு: "த டே ஐ கேம்" என்றாலே போதும். விதத்துக்கும் அப்படியே, "த வே யூ ஸ்பீக்". "த வே ஹௌ யூ ஸ்பீக்" வேண்டாம்.

படி 4: எங்கே ஹூவை விடக்கூடாது

காலி இடம் செய்பவனுடையது என்றால் விட முடியாது. நேற்று வந்த ஆள் என் மாமா: "த மேன் ஹூ கேம் எஸ்டர்டே இஸ் மை அங்கிள்." ஹூவை எடுத்தால் "த மேன் கேம் எஸ்டர்டே" என்று வாக்கியம் அங்கேயே முடிந்த மாதிரி கேட்கும், மிச்சம் அநாதையாகிவிடும். கமா போட்டுக் கூடுதல் தகவல் சொல்லும்போதும், ப்ரிபொசிஷனை முன்னால் கொண்டுவந்து "இன் விச்" என்று எழுதும்போதும் விட முடியாது.

பயிற்சிக்கு என் சிபாரிசு பென்சிலும், பிரிண்ட் எடுத்த பழைய மெயில்களும். இலக்கணம் திருத்தும் செயலிகள் எனக்குப் பிடிப்பதில்லை. திருத்திக் கொடுத்துவிடும், ஏன் என்று நமக்கு ஏறாது. செய்தித்தாள் தலையங்கமும் இதற்குத் தோதில்லை. இந்த வகை வாக்கியம் பேச்சில்தான் மண்டிக்கிடக்கிறது, எனவே ஆங்கிலப் படத்தின் சப்டைட்டில் நல்லது.

பின்சேர்க்கை: "த பாய் ஸ்டாண்டிங் தேர்" என்பதில் செய்பவன்தானே காணோம் என்று ஒருவர் கேட்டிருந்தார். அது வேறு சாதி. அங்கே ஹூவோடு இஸ்ஸும் சேர்ந்து போய்விட்டது. ஸ்டாண்டிங்கில் காலம் காட்டும் வினையே இல்லை. காலம் காட்டும் வினை இருந்தால்தான் படி 4.

இன்னொரு பின்சேர்க்கை: "த வுமன் ஐ தாட் வாஸ் த டாக்டர் வாஸ் த நர்ஸ்" என்ற வாக்கியத்தை ஒரு தங்கை அனுப்பி, படி 4 உடைகிறதே என்றார். உண்மைதான், உடைகிறது. வாஸ் த டாக்டருக்கு உரியவர் அந்தப் பெண், ஆனாலும் ஹூ இல்லை. ஐ தாட், ஐ நோ, ஷீ செட் மாதிரி ஒன்று நடுவில் நுழைந்தால் செய்பவனையும் விடலாம். பென்சிலால் "ஐ தாட் வாஸ் த டாக்டர்" வரைக்கும் மறையுங்கள். மிச்சம் நிற்கும்: "த வுமன் வாஸ் த நர்ஸ்." டாக்டர் என்று நான் நினைத்த பெண், நர்ஸ்.