ஹாங்காங் தெருமுனைக் கடையில் வான்டன் நூடுல்ஸ் சாப்பிடும்போது

கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். அது அங்கே வழக்கம், தயங்க வேண்டாம். முதலில் வரும் வெளிர் தேநீர் சில கடைகளில் குடிக்க, சில கடைகளில் கிண்ணத்தையும் குச்சிகளையும் அலச. பக்கத்து மேசையைப் பார்த்தால் புரிந்துவிடும்.

கிண்ணம் வந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். மாவில் காரநீர் (சோடா உப்பு போன்ற காரத்தன்மையுள்ள நீர், மிளகாய்க் காரமல்ல) சேர்த்துச் செய்த மெல்லிய முட்டை நூடுல்ஸ் அது. சூப்பில் ஊறினால் சில நிமிடங்களில் கடிக்கும்போது பல்லில் படும் அந்த விறைப்பு போய்விடும். இறால் வான்டனை (மெல்லிய மாவுத் தாளில் இறாலை மடித்து வேகவைத்த கொழுக்கட்டை) அடியில் வைத்து, மேலே நூடுல்ஸைப் பரப்புவதும் அதற்காகத்தான். எனவே நூடுல்ஸை முதலில் முடியுங்கள், வான்டன் காத்திருக்கும். காரநீர் வாடை தூக்கலாக இருந்தால், மேசையிலுள்ள சிவப்பு வினிகரை அரை ஸ்பூன் விடுங்கள். முதல் வாய்க்கு முன்பே ஊற்றினால் சூப்பின் ருசி தெரியாது.

சைவர்கள் கவனிக்க: வான்டனை விட்டுவிட்டு வெறும் நூடுல்ஸ் கேட்டாலும், சூப் பெரும்பாலும் பன்றி எலும்பும் காய்ந்த மீனும் போட்டுக் கொதிக்க வைத்ததுதான். வேகவைத்த கீரையின் மேல் சிப்பி சாஸ் ஊற்றுவார்கள்; தனியாகவோ வேண்டாமென்றோ ஆர்டரின்போதே சொல்லிவிடுங்கள்.

பானம் வேண்டுமென்றால் சூடாகவே கேளுங்கள். பல கடைகளில் ஐஸ் போட்ட பால் தேநீருக்குச் சில ஹாங்காங் டாலர் கூடுதல். சாப்பிட்டதும் மேசையில் வைத்த சீட்டை எடுத்துப்போய்க் கல்லாவில் பணம் கட்டுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். எல்லாக் கடையிலும் கார்டு எடுப்பதில்லை.