குற்றமே செய்யாதவர்கள் செய்கிற தவறுகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டூலியா என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் ஐயாயிரம்தான். 1999 ஜூலை 23 அன்று விடியற்காலையில், போதைப்பொருள் விற்றதாக 46 பேர் மீது வழக்கு என்று சொல்லி, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர். சோதனையில் போதைப்பொருள், பணம், ஆயுதம் எதுவும் சிக்கவில்லை. இருந்த சாட்சி ஒரே ஒரு ரகசியப் போலீஸ்காரரின் வாய்வார்த்தை. ஒலிப்பதிவு இல்லை, உடன் பார்த்தவர் இல்லை. குறிப்புகளைத் தன் காலில் எழுதிவைத்துக்கொண்டதாக அவரே சொன்னார்.

அங்கே நடந்த முதல் தவறு ஊருடையது. நெருப்பில்லாமல் புகையாது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். தெருக் குப்பை ஒழிந்தது என்ற பொருளில் உள்ளூர்ப் பத்திரிகை தலைப்பே போட்டது. பெருநகரத்தில் இப்படி ஒரு செய்தி நாலு நாளில் மறந்துபோகும். சிற்றூரில் அதைப் படித்தவர்களிலிருந்துதான் ஜூரிக்கு, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவுக்கு, ஆள் எடுப்பார்கள். ஷெரிப் எனப்படும் உள்ளூர்ப் போலீஸ் தலைவர், அரசு வக்கீல், நீதிபதி எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கைதானவரைப் பற்றி ஊர் பேசுகிற ஒவ்வொரு பேச்சும் கோர்ட் வரை போகும் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது, 'நான்தான் எதுவும் செய்யவில்லையே, எனக்கு எதற்கு வக்கீல்?' என்று நினைத்து மணிக்கணக்கில் விளக்கம் சொல்வது. குற்றமற்றவர்கள்தான் இந்தப் பொறியில் அதிகம் விழுகிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை என்ற தைரியத்தில். விசாரணையின்போது ஆதாரம் இருப்பதாகப் போலீஸ் பொய் சொல்வதை அமெரிக்கச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. 'உன் கூட்டாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்' என்பது அப்பட்டமான பொய்யாக இருக்கலாம். பேசாமல் இருக்கும் உரிமையை 1966-ன் மிராண்டா தீர்ப்பு உறுதிசெய்தது. ஆனால் சும்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதாது, அந்த உரிமையைப் பயன்படுத்துவதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'நான் பேச விரும்பவில்லை, எனக்கு வக்கீல் வேண்டும்.' இதைச் சொல்லிவிட்டு, அப்புறம் வானிலை பற்றிக்கூடப் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

இருப்பதிலேயே பெரிய தவறு, பயத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வது. டூலியாவில் முதலில் விசாரணைக்குப் போனவர்களில் ஒருவர், அறுபதை நெருங்கிய பன்றிப் பண்ணைக்காரர். அவருக்கு 90 ஆண்டு தண்டனை. அதைப் பார்த்த மற்றவர்கள், செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் குறைந்த தண்டனை வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் குழந்தைகளை விட்டுவிட்டு வேறென்ன செய்வார்கள்? ஆனாலும் அந்தக் கையெழுத்தின் விலையைத் தெரிந்துகொண்டுதான் போட வேண்டும். தண்டனை நிலைத்திருக்கும் வரை தவறான கைது என்று இழப்பீடு கேட்பது மிகக் கடினம். குடியுரிமை இல்லாதவரை நாடு கடத்தவும் அது காரணமாகலாம். அந்த ஆபத்தைக் கட்சிக்காரரிடம் வக்கீல் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் 2010-ல் வந்த தீர்ப்புதான்.

சரி, டூலியாவில் தப்பித்தவர்கள் எப்படித் தப்பித்தார்கள்? ஒருவர் அந்த நேரத்தில் வேலையில் இருந்ததை வேலைநேர அட்டை காட்டியது. முதலாளியும் வந்து சாட்சி சொன்னார். இன்னொரு பெண் அன்றைக்கு வேறு மாநிலத்தில் இருந்ததை வங்கிப் பதிவு நிரூபித்தது. ஆக, உண்மை தானாக வெளிவரும் என்று காத்திருக்கக் கூடாது. கடை ரசீது, போன் பதிவு, கூட இருந்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் குடும்பத்தார் முதல் வாரத்திலேயே திரட்டட்டும். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடும். 2003-ல் ஆளுநர் 35 பேருக்கு மன்னிப்பு வழங்கினார், 2005-ல் அந்தப் போலீஸ்காரர் பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். அதற்குள் பலருடைய வாழ்க்கையில் ஆண்டுகள் போய்விட்டன.

போலீஸ் நிறுத்தினால் தெருவிலேயே நியாயம் கேட்டு மல்லுக்கட்டுவதும் வேண்டாம். கை தெரியும்படி நின்று, 'நான் போகலாமா?' என்று கேளுங்கள். வாதத்தைக் கோர்ட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடங்கி நடந்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். 2015-ல் அலபாமாவின் மேடிசன் நகரில், பேரனைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுப் பெரியவர் ஒருவர் மகன் வீட்டருகே நடந்துகொண்டிருந்தார். யாரோ ஒல்லியான கறுப்பர் நடமாடுகிறார் என்று போலீசுக்குப் போன் போனது. ஆங்கிலம் தெரியாத அவரைப் போலீஸ்காரர் தரையில் மோதித் தள்ளியதில் உடல் ஓரளவு செயலிழந்தது. அவர் பக்கம் எந்தத் தவறும் இல்லை. இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் போக, 2016-ல் நீதிபதி அந்தப் போலீஸ்காரரை விடுவித்தார்.

அதனால் ஒரு கெட்ட போலீஸ்காரர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று கதையை முடித்துக்கொள்வதும் தவறே. மிசௌரியின் பெர்குசனில் மக்கள்தொகையில் 67 சதவீதம் கறுப்பினத்தவர். கைதானவர்களிலோ 93 சதவீதம். 2015-ல் மத்திய அரசின் நீதி அமைச்சக அறிக்கை சொன்ன கணக்கு இது. அபராத வசூலை நகர வருமானமாகக் கருதியதையும் அது அம்பலப்படுத்தியது.

கடைசியாக, வழக்கு தள்ளுபடியானதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மறந்துவிடுவது. பல மாநிலங்களில் கைதுப் பதிவு தானாக அழியாது. மனுப் போட்டால்தான் நீக்குவார்கள். இல்லையென்றால் அடுத்த வேலைக்கான பின்னணிச் சோதனையில் அது வந்து நிற்கும். இழப்பீட்டு வழக்குக்கும் காலக்கெடு உண்டு, டெக்சாஸில் இரண்டே ஆண்டு. விடுதலையான வாரத்திலேயே இவை இரண்டையும் வக்கீலிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.