ஜின் இல்லாத நெக்ரோனி

வேலூர் மாவட்டத்தில் ராணுவத்தில் பணியாற்றியவர்கள் இல்லாத ஊர் குறைவு. அவர்கள் வீட்டு அலமாரியில் ஜின் இல்லாவிட்டாலும் ராணுவ கேன்டீனில் வாங்கிய கறுப்பு ரம் இருக்கும். அதை வைத்தே நெக்ரோனி என்ற கசப்பு காக்டெய்லை அருமையாகக் கலக்கலாம்.

மூல அளவு எளிது: ஜின், கம்பாரி (கசப்பான சிவப்பு இத்தாலிய மது), இனிப்பு வெர்மூத் (மூலிகை மணமுள்ள ஒயின்) மூன்றும் தலா 30 மி.லி. ஜின்னுக்குப் பதில் போர்பன் விஸ்கி ஊற்றினால் அதற்கு பூல்வார்டியே என்று பெயர். ரம்முக்கு மட்டும் அந்தச் சம அளவு சரிப்படாது. நம் ஊர் கறுப்பு ரம்மில் வனிலா வாசனையும் இனிப்பும் தூக்கல்; வெர்மூத்தும் சேர்ந்தால் கசப்பை அமுக்கிவிடும். கசப்பு போனால் நெக்ரோனியே போயிற்று. ரம் 40, கம்பாரி 30, வெர்மூத் 20 என்பதே என் கணக்கு. முழுக்க மதுதான், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குலுக்க வேண்டாம். டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கும் வரை நீண்ட கரண்டியால் நிதானமாகக் கலக்குங்கள். வேலூர் வெயிலில் சிறு ஐஸ் கட்டிகள் சட்டென்று கரைந்து பானத்தை நீர்க்கச் செய்துவிடும். சின்னக் கிண்ணத்தில் உறையவைத்த ஒரே பெரிய கட்டி போதும்.

மேலே கமலா ஆரஞ்சுத் தோல்; நேதாஜி மார்க்கெட்டில் பார்த்து வாங்குங்கள். சாத்துக்குடித் தோலில் அந்த மணம் வராது. உள்பக்க வெள்ளையைச் சுரண்டிவிட்டு, டம்ளருக்கு மேலே மடித்து அழுத்துங்கள். தெறிக்கும் எண்ணெய்தான் ரம்மையும் கம்பாரியையும் இணைக்கிறது.

வெர்மூத் ஒயின் வகை. திறந்த புட்டியை ஃபிரிட்ஜில் வைத்து, ஓரிரு மாதங்களில் தீர்த்துவிடுங்கள்.