அக்சில் வாங்கும் முன் ரயரைப் பாருங்கள்

எஞ்சினுக்கு ரேர்போ போட்டாயிற்று, கிளச்சும் மாற்றியாயிற்று, இனி அக்சில், அதாவது கியர் பொக்ஸில் இருந்து சில்லைச் சுற்றும் தண்டு, தாங்குமா என்று கேட்கிற தம்பிமார் எல்லோரும் முதலில் சொல்வது குதிரைவலு எத்தனை என்பதைத்தான். அக்சிலை முறிப்பது குதிரைவலு இல்லை, முறுக்குவிசை. அதுவும் முதலாம் கியரில். உங்கள் எஞ்சின் 200 நியூட்டன் மீற்றர் தருகிறது, முதலாம் கியர் விகிதம் 3.25, பைனல், அதாவது சில்லுக்குப் போகுமுன் வரும் கடைசிக் கியரின் விகிதம், 4.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 2,760 நியூட்டன் மீற்றர் வரும். விசையை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிப்பரன்சல் சாதாரணமானது என்றால் அதில் பாதி பாதியாக இரண்டு அக்சிலுக்கும் போகும், எல்எஸ்டி என்கிற சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிப்பரன்சல் போட்டிருந்தால் பிடிப்பு உள்ள பக்கத்துக்குக் கூடப் போகும்.

ஆனால் அந்த விசை முழுவதும் அக்சிலில் ஏறுமா என்பதை ரயர்தான் தீர்மானிக்கிறது. உள் கிராமத்துக் கிரவல் வீதியில் எவ்வளவு மிதித்தாலும் சில்லு சறுக்கிவிடும், அக்சிலுக்கு ஒன்றும் ஆகாது. அதே காரை மென்மையான ரப்பர் ரயரோடு ஏ9 போலக் காய்ந்த கார்ப்பெட் வீதியில் கிளச்சைச் சட்டென்று விட்டு எடுத்துப் பாருங்கள், சில்லு பிடித்தும் விட்டும் துள்ளும், ஒவ்வொரு துள்ளலும் அக்சிலுக்குச் சுத்தியல் அடிதான். எனவே எஞ்சினைத் தாங்கும் மவுண்டும் சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் முதலில் அதற்குக் காசைப் போடுங்கள். துள்ளல் நிற்காத காரில் எந்த அக்சிலும் நிற்காது.

சரி, அக்சிலுக்கு வருவோம். தண்டின் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், 24 மில்லிமீற்றரில் இருந்து 27க்குப் போனாலே பலம் நூற்றுக்கு 42 கூடிவிடும். அதற்காகத் தடித்ததுதான் நல்லது என்று எடுத்துவிடாதீர்கள். தண்டு, அதன் முனையில் வெட்டியிருக்கும் ஸ்பிளைன் பல்லின் அடியை விடக் கொஞ்சம் ஒல்லியாக இருந்தால்தான் முறுக்கல் தண்டு முழுவதும் பரவும், இல்லாவிட்டால் எல்லாம் பல் முடிகிற அந்த ஓரத்தில் குவிந்து அங்கேயே வெட்டிக்கொண்டு போகும். உலோகம் 4340 குரோமோலி என்கிற உருக்கு என்றால் வீதிக் காருக்குப் போதும், 300எம் என்கிற இன்னும் பலமான உருக்கு போட்டிக்கு ஓடுகிறவர்களுக்கு.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம்முடைய லேத் பட்டறைக்காரர்கள் உழவு இயந்திரத் தண்டை ஒட்டித் திருப்பித் தருவதில் கெட்டிக்காரர்கள், ஆனால் கார் அக்சிலை வெல்டிங் பண்ணவோ கடையவோ கொடுக்காதீர்கள். அதன் பலம் சூடுகாட்டிக் கடினமாக்கிய மேல்தோலில் இருக்கிறது. வெல்டிங் சூடு அதைக் கெடுத்துவிடும், கடைந்தால் தோலே போய்விடும்.

நீளத்தில் நான் பட்ட பாடு போதும். இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்கிய ஒன்று பழையதை விட 8 மில்லிமீற்றர் கூட. ஜக்கில் நிற்கும்போது அழகாகப் பூட்டுப்பட்டது, காரை நிலத்தில் இறக்கியதும் அக்சிலின் கியர் பொக்ஸ் பக்கத்து மூட்டான உள் ஜொயின்ட் அடியில் முட்டிவிட்டது, மாங்குளம் போய் வருவதற்குள் கியர் பொக்ஸ் சீலால் ஒயில் வடிந்தது. அதனால் இப்போது ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சில்லுப் பக்கத்தை ஜக்கால் மெல்ல மெல்ல உயர்த்தி, ஒவ்வொரு உயரத்திலும் தண்டைக் கையால் உள்ளே வெளியே அசைத்துப் பார்ப்பேன். எந்த இடத்திலும் இறுகக்கூடாது. காரைத் தாழ்த்தியிருந்தால் இது இன்னும் முக்கியம், கோணம் கூடக்கூட ஜொயின்ட் சூடாகித் தேயும்.

பழைய அக்சிலை வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு பல்லில் வெள்ளை மை வைத்து, அங்கிருந்து இரண்டு முனையிலும் ஸ்பிளைன் பற்களை எண்ணுங்கள். ஏபிஎஸ் பிரேக்குக்குச் சில்லின் வேகத்தைக் காட்டும் பல் வளையம் இருந்தால் அதையும் எண்ணுங்கள். பிறகு கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் சரி, கனடாவில் இருக்கிற அண்ணாவிடம் சொன்னாலும் சரி, அந்த எண்கள் கையில் இருக்க வேண்டும், பிழையான சாமானைத் திருப்பி அனுப்ப ஆகும் செலவு சில நேரம் சாமான் விலைக்கே வந்துவிடும். அதே மாடலின் வலுக்கூடிய ரகத்தில் கம்பனியே போட்ட அக்சில் பற்கள் பொருந்தி வருமா என்றும் பாருங்கள், பல பேருக்கு அதுவே போதும்.

வன்னிக்கு என்று தனியாகப் பார்க்க வேண்டியது பூட், அதாவது ஜொயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறை. கிரவல் தூசி ஒரு சின்ன வெடிப்பால் உள்ளே போனால் கிரீஸோடு சேர்ந்து அரைக்கும் மாவாகிவிடும், எவ்வளவு விலை கொடுத்த ஜொயின்டும் தப்பாது. இந்த ஜொயின்டுக்கென்றே வரும், மொலிப்டினம் கலந்த சீவி கிரீஸ்தான் போட வேண்டும், பந்துப் பேரிங் கிரீஸ் சரி வராது. பூட்டிய பிறகு முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் காரை நிறுத்துவீர்கள்தானே, ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் வெட்டிவிட்டு இறங்கி, சில்லின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கறுப்புக் கிரீஸ் ஒட்டினால் வெளி பூட் போய்விட்டது, வீட்டுக்கு மெதுவாகத் திரும்புங்கள்.